நிழல் பட்ட பிணம்

“நீ பகவானை நேர்ல பாத்திருக்கியா?”

கேட்டவர் ஊ ஷ்வே கோன். ஓய்வுபெற்ற மாஜிஸ்திரேட், எங்கள் ஊர் சினிமாத் தணிக்கைச் சபையின் தலைவர். கேட்கப்பட்டவள் நான். கொட்டகை மூலையில் தரையில் உட்கார்ந்து அறுந்த பிலிமை ஒட்டிக்கொண்டிருந்தேன். விரலெல்லாம் பசை.

என்னிடம் வந்து சேர்வதற்கு முன் அந்தக் கேள்வி சபை முழுவதையும் சுற்றி வந்திருந்தது. படத்தில் சித்தார்த்தராக நடித்தவனின் முகம் பகவானின் முகத்தைப் போல இருக்கிறதா, இல்லையா என்பதுதான் விவகாரம். போல இருந்தால், மனிதன் பகவானாக வேஷம் போட்ட குற்றம். போல இல்லாவிட்டால், பகவான் என்று சொல்லி வேறு யாரையோ காட்டி ஜனங்களை ஏமாற்றிய குற்றம். எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள். எந்த விதியின் கீழ் வெட்டுவது என்று தெரிய வேண்டும். அதற்குப் பகவானைப் பார்த்த சாட்சி ஒருவர் வேண்டும்.

பகோடா என்கிற புத்தர் ஸ்தூபியின் தர்மகர்த்தா ஊ போ தின், “கல்லுல பாத்திருக்கேன், பித்தளையில பாத்திருக்கேன். சதையில பாத்ததில்ல” என்றார். நகரசபை டாக்டர் ஊ பா ஹான், “அது எனக்கு முன்னாடி இருந்த டாக்டரோட காலம்” என்றார். அதன் பிறகு சபையின் கண்கள் மூலைக்கு வந்தன.

“இல்லைங்க” என்றேன்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“பாத்ததில்லைங்க.”

“எழுதிக்கோய்யா” என்றார் தலைவர் குமாஸ்தாவிடம். “சாட்சி பகவானைப் பார்த்ததில்லை என்று தானே ஒப்புக்கொண்டாள்.”

அதற்குப் பிறகு எனக்குச் சபையில் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. பகவானைப் பார்க்காத பெண்.

*

எங்கள் நாட்டு நாடகங்களில் பகவானாக யாரும் மேடை ஏறுவதில்லை. ஒரு விளக்கை ஏற்றுவார்கள், திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும், ஜனங்கள் கைகூப்புவார்கள். ரங்கூனிலிருந்து வந்த சினிமாக் கம்பெனிக்கும் இது தெரியும். ஞானம் பெறும்வரை அவர் இளவரசர்தானே, இளவரசரை நடிக்கலாமே என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். படத்தை அரசமரத்தடியோடு நிறுத்திக்கொண்டார்கள். மரம், மரத்தின் மேல் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். எங்கள் ஊரில் இடிந்த செங்கல் மதில்களும் மரம் இழுக்கிற யானைகளும் நிறைய இருந்ததால் இங்கேயே வந்து கோடை முழுக்கப் படம் எடுத்தார்கள்.

யானைக்கும் அரண்மனைக்கும் பஞ்சமில்லை. பிணத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. இளவரசர் தேரில் போகும்போது வழியில் ஒரு கிழவனையும் ஒரு நோயாளியையும் ஒரு பிணத்தையும் பார்க்க வேண்டுமே! நோயாளியாகப் படுக்கப் பலர் வந்தார்கள். பாடையில் படுக்க யாருமே வரவில்லை. அபசகுனம் என்றார்கள். அப்போது ஐராவதியில் தேக்குத் தெப்பம் ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பா, சான் யா, முன்வந்தார். அவர் எங்கே விட்டாலும் தூங்குவார். தெப்பத்தின் மேல், சுழலுக்கு நடுவிலும், மரக்கட்டையோடு மரக்கட்டையாகத் தூங்குவார்.

“படுத்துக் கெடக்கச் சோறு போடுறானுங்கடி” என்று அம்மாவிடம் வந்து சொன்னார். “புதுக் கைலியும் தர்றானாம். இத விட நல்ல வேலை ராஜாவுக்கும் கெடைக்காது.”

“செத்த மாதிரி படுக்கிறது ஒரு வேலையா? ஒங்கம்மா ஒன்னப் பெத்து வெச்சாளா, இல்ல உருட்டி விட்டாளா?” என்று அம்மா திட்டினாள். அம்மாவின் பெயர் மே ஓன். சுருட்டுச் சுற்றுகிறவள். அன்றைக்கு அவள் சுற்றிய சுருட்டெல்லாம் இரும்பு மாதிரி இறுகியிருந்ததாக முதலாளி சொன்னார்.

அடுத்த மழைக்காலத்தில் ஊரில் காலரா வந்தது. ஊரில் காலரா இல்லை என்று நகரசபை தண்டோரா போட்டது. டாக்டர் ஊ பா ஹானின் வண்டி தெருத்தெருவாக வந்து, இல்லாத காலராவில் விழுந்தவர்களை ஏற்றிக்கொண்டு போனது. அப்பா விடியற்காலையில் வாந்தி எடுத்து, வெயில் ஏறும்போது அசையாமல் கிடந்தார். வண்டிக்காரர்கள் வந்து சாக்கைப் போர்த்தித் தூக்கினார்கள். முகத்தைப் பார்க்க அம்மாவை விடவில்லை. “தொட்டா ஒனக்கும் ஒட்டும், தள்ளி நில்லு” என்றார் டாக்டர், வண்டிக்கு மேலே நின்றபடி. சாக்கு ஓரம் விலகி, வாசலிலிருந்து ஒரு கணம்தான் அம்மா பார்த்தாள். சுண்ணாம்புக் குழியில் போட்டார்கள். சாவுக்குக் காரணம், வயிற்றுக் கோளாறு.

அம்மா அன்றையிலிருந்து கேட்பது ஒரே கேள்விதான். “அவருக்கு மூச்சு இருந்துச்சா?” அவர் தூங்கும்போது எப்படிக் கிடப்பார் என்று அவளுக்குத் தெரியும். செத்துப்போனால் எப்படிக் கிடப்பார் என்று தெரியாது. வண்டியில் கிடந்தது இரண்டில் எது?

அதனால்தான் அவள் அந்தப் படத்துக்காகக் காத்திருந்தாள். “ஒரு தடவ பாத்தாப் போதும். செத்த மாதிரி நடிக்கிறப்ப எப்படிக் கெடந்தார்னு பாத்துட்டேன்னா, அன்னிக்கு வண்டியில கெடந்தது என்னன்னு எனக்குத் தெரிஞ்சிரும்.” தன் வெள்ளைச் சட்டையைத் துவைத்து, மடித்து, தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள், படம் திரையிடும் நாளுக்காக.

நான் அப்போதே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். சுருட்டுச் சுற்றிப் பழகிய விரல் என்பதால் கொட்டகையில் பிலிம் ஒட்டும் வேலை கிடைத்தது. யாரிடமும் பேசத் தேவையில்லாத வேலை. எனக்கு அது பிடித்திருந்தது.

*

சபை கூடும் நாளில் முதலில் வருவது நாற்காலி.

ஜில்லா துரை சபையின் கௌரவத் தலைவர். அவர் வரமாட்டார். அவருடைய நாற்காலியை ஒரு சேவகன் தலையில் தூக்கிக்கொண்டு வருவான். அது உள்ளே வரும்போது எல்லாரும் எழுந்து நிற்பார்கள். வைத்த பிறகு உட்காருவார்கள். கால்களில் பித்தளைப் பூண் போட்ட உயரமான நாற்காலி. அதன் பக்கம் திரும்பி, “துரைக்கு ஆட்சேபணை இருக்காதுன்னு நெனைக்கிறேன்” என்று தலைவர் சொல்வார். நாற்காலிக்கு ஒருபோதும் ஆட்சேபணை இருந்ததில்லை.

விளக்கை அணைத்தார்கள். ஆபரேட்டர் லூ பே மெஷினைச் சுற்றினார். திரையில் இளவரசர் வந்ததும் தர்மகர்த்தா ஊ போ தின் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்து கைகூப்பினார். டாக்டர் பாதி எழுந்து, எழுவதா விழுவதா என்று தெரியாமல் நடுவில் நின்றார்.

“நிறுத்துய்யா!” என்றார் தலைவர்.

ஊறவைத்த தேயிலையும் வறுத்த எள்ளும் பூண்டும் வந்தன. தின்றுகொண்டே விவாதித்தார்கள்.

“நீங்க இப்ப யாரக் கும்பிட்டீங்க?” என்று கேட்டார் தலைவர்.

“பகவானத்தான்.”

“அது பகவான் இல்லைய்யா, போன வருஷப் படத்துல மாமியார ஆத்துல தள்ளிவிட்டானே, அவன். அவனக் கும்பிட்டா நடிகனக் கும்பிட்ட பாவம்.”

“சரி, கும்பிடாம ஒக்காந்திருந்து, ஒருவேள பகவானாவே இருந்துட்டா?”

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சபையினர் முதுகுவலியின் காரணமாகத் தரையில் உட்காருவது என்றும், குளிரின் காரணமாகக் கைகளைச் சேர்த்து வயிற்றருகே வைத்துக்கொள்வது என்றும் தீர்மானமானது. அது சித்திரை மாதம். விசிறிக்கொண்டே குளிரில் உட்கார்ந்தார்கள்.

பிறகு இன்னொன்று தெரியவந்தது. எல்லாரும் தரைக்கு வந்துவிட்டார்கள். நாற்காலி மட்டும் உயரத்தில் இருந்தது. திரையில் இளவரசரின் பாதத்தைவிட நாற்காலியின் இருக்கை மேலே இருந்தது. பகவானைவிட உயரத்தில் எதுவும் இருக்கக்கூடாதே என்று தர்மகர்த்தா தலையில் கை வைத்தார்.

“நாற்காலிய எறக்கிருவோமே?” என்றார் லூ பே.

“யாரு நாற்காலின்னு தெரிஞ்சுதான் பேசறியா?” என்றார் தலைவர்.

ஆகவே திரையை ஒரு முழம் உயர்த்திக் கட்டினார்கள். அதற்குப் பிறகு இளவரசரின் தலை கூரை விட்டத்தில் போய் விழுந்தது. கழுத்துக்குக் கீழேதான் தெரிந்தார். நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது.

நடனப் பெண்களின் காட்சி வந்தது. சபை அதை மிகக் கவனமாக ஆராய்ந்தது. புரியவில்லை, இன்னொரு முறை என்றார்கள். இன்னொரு முறை பார்த்தும் புரியவில்லை. டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தார். இளவரசர் எதைத் துறந்தார் என்று ஜனங்களுக்கு முழுசாகத் தெரிய வேண்டும் என்பதால் ஒரு அங்குலமும் வெட்டக்கூடாது என்று முடிவாகியது.

அடுத்தது கிழவன்.

“இவன் ஏன் இப்படி நடுங்குறான்?” என்றார் தலைவர்.

“வயசானா அப்படித்தானுங்களே” என்றார் லூ பே.

“எனக்கு என்ன வயசு? நான் நடுங்குறனா?” என்று தலைவர் தேநீர்க் கிண்ணத்தைத் தட்டோடு உயர்த்திக் காட்டினார். கிண்ணம் தட்டில் தாளம் போட்டது. யாரும் நடுங்கவில்லை என்றார்கள். “ஓய்வுபெத்த உத்தியோகஸ்தருங்கள இழிவுபடுத்துது. வெட்டு.”

லூ பே வெட்டினார். நான் ஒட்டினேன்.

நோயாளி வந்தான். தரையில் சுருண்டு, வாயோரம் நுரையோடு கிடந்தான்.

“இது எந்த ஊரு?” என்றார் டாக்டர்.

“கபிலவஸ்துங்க.”

“பின்னாடி தெரியிற மதில் நம்ம ஊரு மதில். நம்ம ஊர்ல வியாதியே கெடையாதுன்னு நான் மேலிடத்துக்கு எழுதியிருக்கேன். வெட்டு.”

துறவி வந்தார். “சாதாரண ஆளு காவி கட்டினது குத்தம்” என்றார் தர்மகர்த்தா. நிஜத் துறவியையே நடிக்க வைத்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று லூ பே கேட்டார். “அது அதவிடப் பெரிய குத்தம்” என்றார் தர்மகர்த்தா. வெட்டினோம்.

துறவிக்குப் பிறகு மிச்சம் இருந்தது பிணம். கதையில் அது முன்னால் வருவது. ஆனால் சபை பயந்து பயந்து அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தது.

*

அப்பா வந்தார்.

மூங்கில் பாடையில், புதுக் கைலியில், கன்னத்தில் சாம்பல் பூசி, மல்லாந்து கிடந்தார். நான்கு பேர் தூக்கி வந்து தேருக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். இளவரசர் தேரிலிருந்து குனிந்து பார்த்தார். இளவரசரின் நிழல் அப்பாவின் நெஞ்சில் விழுந்தது. அப்பாவின் தொண்டைக் குழி மெல்ல உள்ளே போனது, வெளியே வந்தது. உள்ளே போனது. வெளியே வந்தது.

நான் பசைப் புட்டியைத் தரையில் வைத்தேன். அவர் இத்தனை நேரம் எங்கேயோ இருந்து மூச்சுவிட்டுக்கொண்டே இருந்தது போல இருந்தது எனக்கு.

“இந்தப் பொணம் மூச்சு விடுது” என்றார் தலைவர்.

“நடிக்கிறவர்தானுங்களே, விடத்தான் செய்வாரு” என்றார் லூ பே.

டாக்டர் ஊ பா ஹான் எழுந்துவிட்டார். “நிறுத்து! இது வெஷமத்தனம். மூச்சு விடுறவனப் பாடையில வெச்சுத் தூக்கிட்டுப் போறானுங்க. இதப் பாத்தா ஜனங்க என்ன நெனைப்பாங்க? போன மழைக்கே கண்டபடி பேசினானுங்க, டாக்டரோட வண்டி உசுரோட இருக்கிறவனையும் ஏத்துதுன்னு. நான் ஒவ்வொருத்தனையும் நல்லாப் பாத்துத்தான் ஏத்தினேன்!”

“எப்படிப் பாத்தீங்க?” என்று தலைவர் சும்மாதான் கேட்டார்.

“வண்டி மேல நின்னு பாத்தேன். தூரத்துல இருந்து பாத்தாலே எனக்குத் தெரியும். இருவது வருஷ அனுபவம்.”

 மெஷின் சூடு ஆறும் சத்தம் கேட்டது.

“வெட்டு” என்றார் டாக்டர்.

லூ பே கத்தரியை எடுக்காமல் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். நான் எழுந்தேன். சபைக்கு முன்னால் நான் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. 

“ஐயா, அது எங்கப்பாங்க.”

“எது?”

“அந்தப் பொணம். வெட்டினப்புறம் அந்தத் துண்ட எங்ககிட்டயே குடுத்துருங்க. எங்கம்மா ஒரு தடவ பாக்கணும்.”

தலைவர் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா விதிப் புத்தகத்தைப் பார்த்தான். தலைவர் தொண்டையைச் செருமினார்.

“கேளு, பொண்ணு. சபைக்கு மனசாட்சி இருக்கு. ஆனா ஒண்ணு தெளிவாகணும். நீ கேக்குறது படமா, பொணமா? படம்னா, தடைசெஞ்ச படத்த ஒரு ஆளுக்குக் காட்டினாலும் ஊருக்குக் காட்டினாலும் ஒரே குத்தம். பொணம்னா, குடும்பத்துக்குக் குடுக்கலாம். ஆனா சுகாதார இலாகா அனுமதி வேணும். டாக்டர், நீங்க என்ன சொல்றீங்க?”

“எப்படிக் குடுப்பேன்? அதான் மூச்சு விடுதே. மூச்சு விடுற ஒடம்புக்கு அனுமதி எழுதினா என் வேலை போயிரும்.”

“அப்ப உசுரோட இருக்காருன்னு எழுதுங்க” என்றார் லூ பே.

“எழுதினா, நான் குழியில போட்டது யாரைன்னு கேப்பானே!” என்று டாக்டர் சொல்லிவிட்டு, சொன்னதைத் தானே கேட்டது போல நின்றார். பிறகு உட்கார்ந்து எள்ளை வாயில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் தர்மகர்த்தா ஊ போ தின் வெளிச்சத்தில் பிலிமைப் பிடித்துப் பார்த்து, “ஐயையோ!” என்றார். “நிழலப் பாத்தீங்களா? இளவரசரோட நிழல் இந்தாளு நெஞ்சு மேல விழுந்திருக்கு. பகவானோட நிழல் பட்டதும் பகவானோட பொருள்தான். இதத் தூக்கிப் போட முடியாது. எரிக்க முடியாது. ஒடஞ்ச சிலைய என்ன பண்ணுவோம்? பகோடாவுக்குள்ள வெச்சுக் கட்டுவோம். இதுக்கும் அதான் மொறை.”

“அவன் மாமியார ஆத்துல தள்ளினவன்தானுங்களே?” என்றார் லூ பே தலைவரிடம். “அப்படித்தான நீங்க சொன்னீங்க?”

“முகம் நடிகனோடது” என்றார் தலைவர் யோசித்து. “நிழல் யாரோடதுன்னு சபை இன்னும் விசாரிக்கல.”

“அப்ப நிழல் இல்லாத பக்கமா, அவரு முகம் மட்டும் வர்ற எடத்துல ஒரே ஒரு துண்டு நறுக்கி இந்தப் பொண்ணுக்குக் குடுத்துரலாமே” என்றார் லூ பே.

“பகவானோட உருவத்த வெட்டுறது பஞ்சமாபாதகம்!” என்று தர்மகர்த்தா காதைப் பொத்திக்கொண்டார்.

காலையிலிருந்து வெட்டிய துண்டுகள் எங்கள் காலடியில் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தன. அதைச் சொன்னார் லூ பே.

“அது வெட்டினதில்ல. பிரிச்சது” என்றார் தலைவர்.

நான் கையை நீட்டினேன். எதற்கு நீட்டினேன் என்று எனக்கே தெரியாது. தர்மகர்த்தா பிலிமைப் பட்டுத் துணியில் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டார். “பொம்பளக் கை படக்கூடாது. அதுவும் பகவானப் பாக்காத பொண்ணு.” அந்த ரீல் முழுவதையும் வந்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்தது என் கைதான்.

தரையில் கிடந்த மற்றத் துண்டுகளையும் அவர்களே பொறுக்கிக்கொண்டார்கள். எண்ணி எடுத்தார்கள். லூ பேயின் சட்டைப் பையைக்கூட உதறிப் பார்த்தார்கள்.

போகும்போது லூ பே கேட்டார். “ஒரு சந்தேகமுங்க. கெழவன் இல்ல, நோயாளி இல்ல, பொணம் இல்ல, துறவி இல்ல. அப்புறம் இளவரசர் எதுக்காக வீட்ட விட்டுப் போறாரு?”

சபை மறுபடி உட்கார்ந்தது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு, அந்த இடத்தில் சேர்க்க வேண்டிய எழுத்து அட்டையின் வாசகத்தை டாக்டரே சொன்னார்: ‘மருத்துவ ஆலோசனையின் பேரில் இளவரசர் காற்று மாற்றத்துக்காகக் காட்டுக்குச் சென்றார்.’

*

வீட்டில் அம்மா எனக்காகக் காத்திருந்தாள். மடியில் சுருட்டு இலை. விரல் நின்றிருந்தது.

“பாத்தியா?”

“பாத்தேம்மா.”

“எந்தக் கைலி?”

“புதுசு.”

“மூச்சு விட்டது தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது. தொண்டைக் குழியில.”

அம்மா இலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். “கிட்டக் காட்டினானுங்களா, தூரமாக் காட்டினானுங்களா?”

“கிட்டத்தாம்மா.”

“தூரமா இருந்தா? வாசல்ல இருந்து தெரு அளவுக்குத் தூரம். தெரிஞ்சிருக்குமா?”

பாடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் வரும் காட்சியில் தூரத்திலிருந்து காட்டியிருந்தார்கள். அதில் அவர் மரக்கட்டை போலத்தான் கிடந்தார்.

“தெரியலம்மா” என்றேன். அவர் மூச்சு தெரியவில்லை என்று சொன்னேனா, எனக்கு எதுவும் தெரியவில்லை என்று சொன்னேனா என்று அம்மா கேட்கவில்லை. துண்டைச் சபை தர மறுத்ததையும் பகோடாவில் வைத்துக் கட்டப்போவதையும் சொன்னேன். அவள் தலையணைக்கு அடியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து உதறிப் பார்த்தாள்.

“என்னிக்கு?” என்றாள்.

*

படம் திரையிட்டார்கள். குதிரை வந்தது, அதன் மேல் ஒரு முதுகு வந்தது. இளவரசரின் முகத்தைப் பிரித்துவிட்டு, முதுகுக்கு மட்டும் சபை அனுமதி கொடுத்திருந்தது. நடனம் ஒரு அங்குலம் குறையாமல் வந்தது. காற்று மாற்றத்துக்காக முதுகு காட்டுக்குப் போனது. ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். அம்மா அதற்கு வரவில்லை.

பகோடா சடங்குக்கு வந்தாள்.

குன்றின் மேல் புதிதாக ஒரு சின்னப் பகோடா எழும்பியிருந்தது. அடித்தளத்தில் ஒரு குழி விட்டிருந்தார்கள். கீழே இருந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் வாத்தியக்காரர்கள், பின்னால் பூத்தட்டுப் பெண்கள், நடுவில் யானை. யானை மேல் தங்க ரேக்கு ஒட்டிய பிஸ்கட் டின். துரை வீட்டு டின். அதன் மூடியில் இருந்த வெள்ளைக்காரச் சிறுமியின் முகத்துக்கும் ரேக்கு ஒட்டியிருந்தார்கள். அதற்குள் அப்பா.

யானைக்குப் பின்னால் நாற்காலி வந்தது. படிக்கட்டில் பிரச்சினை முளைத்தது. பகோடா எல்லைக்குள் யாரும் காலணியோடு வரக்கூடாது. நாற்காலியின் கால்களில் பித்தளைப் பூண்.

“பூணக் கழட்டுங்க” என்றார் தர்மகர்த்தா.

“சர்க்கார் காலணியக் கழட்டச் சொல்ற அதிகாரம் யாருக்கும் இல்ல” என்றார் தலைவர்.

வாத்தியம் நின்றது. யானை வாழைத்தாரைத் தின்றது. வெயிலில் நாங்கள் நின்றோம். கடைசியில் நான்கு பேர் நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கால் தரையில் படாதவரை காலணி இருந்தாலும் குற்றமில்லை. முழுச் சடங்குக்கும் அவர்கள் அதை இறக்காமல் தாங்கி நின்றார்கள். அப்பாவின் பாடையைத் தூக்கியவர்களும் நான்கு பேர்தான். அவர்களாவது நடுவில் இறக்கி வைத்தார்கள்.

மேல் தளத்துக்குப் பெண்கள் போகக்கூடாது. நானும் அம்மாவும் கீழ்ப் படியில் மண்டியிட்டோம். கழற்றிய செருப்பை அம்மா மடியோரம் வைத்துக்கொண்டாள். அவள் வெள்ளைச் சட்டை போட்டு, கன்னத்தில் தனகா மரச் சாந்து பூசி, கொண்டையில் பூ வைத்திருந்தாள்.

டின்னைக் குழிக்குள் இறக்கினார்கள். கொத்தனார் செங்கல்லை வைத்துச் சுண்ணாம்பைப் பூசினான். மறுபடியும் சுண்ணாம்பு. அம்மா இமைக்காமல் பார்த்தாள்.

தலைவர் ஊ ஷ்வே கோன் பேச எழுந்தார்.

“பெரியோர்களே! இந்தப் படத்துல முதுமை இருந்துச்சு. நம்ம சபை அத நீக்கிச்சு. நோய் இருந்துச்சு. நீக்கிச்சு. மரணம் இருந்துச்சு. அதையும் நீக்கிச்சு. பகவான் ஆறு வருஷம் காட்டுல அலைஞ்சு, பட்டினி கெடந்து, எலும்பும் தோலுமாத் தேடினத நம்ம சபை ஒரே வாரத்துல, இருந்த எடத்துல இருந்தே முடிச்சுருக்கு. இதுல எங்க பெருமை எதுவும் இல்ல. எல்லாம் துரையோட ஒத்துழைப்பு.” தோளில் இருந்த நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டார்.

பிறகு மூவரும் ஈரம் காயாத சுண்ணாம்பின் முன்னால் விழுந்து வணங்கினார்கள். டாக்டர் ஊ பா ஹான் மற்ற இருவரையும்விட நேரம் எடுத்துக்கொண்டார். நெற்றி தரையில் பட, இரண்டு உள்ளங்கைகளும் தரையில் பட, முழுசாக வணங்கினார். வண்டி மேல் நின்றவர் என் அப்பாவுக்கு அவ்வளவு கிட்டத்தில் வந்தது அன்றைக்குத்தான்.

தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விட்டு, செய்த புண்ணியத்தை ஊருக்கெல்லாம் பங்கு கொடுத்தார்கள். தர்மகர்த்தா குரல் எடுத்தார். “நாங்க செஞ்ச இந்தப் புண்ணியத்துல எல்லாரும் பங்கு எடுத்துக்குங்க! எடுத்துக்குங்க!”

“சாது! சாது! சாது!” என்று குன்று முழுக்கக் குரல் எழுந்தது. தொங்கவிட்ட பித்தளைச் சேகண்டி சுழன்று சுழன்று ஒலித்தது. நன்று என்று ஏற்றுக்கொள்ளும் அந்த மூன்று சாதுவைச் சொல்லாமல் இருப்பவர் எங்கள் ஊரில் கிடையாது. எதிரி செய்த தானத்துக்கும் சொல்லிவிடுவோம். சொல்லாவிட்டால் அந்தப் புண்ணியம் வேண்டாம் என்று முகத்தில் வீசியதாக அர்த்தம்.

அம்மாவின் வாய் அசையவில்லை.

பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் பார்த்தார்கள். பிறகு மேல் தளத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். சேகண்டி அடிப்பவன் கையை நிறுத்தினான். டாக்டர் இரண்டு படி இறங்கி வந்தார். அவருக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. அவர் நெற்றியில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருந்தது.

“சாது சொல்லும்மா” என்றார் அன்பாக. “ஒனக்கும் பங்கு உண்டு. சொல்லு. எல்லாரும் ஒனக்காகத்தான் நிக்கிறாங்க.”

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். கிட்டத்தில் இருந்து, வெகுநேரம், ஒருவருக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் பார்ப்பது போலப் பார்த்தாள். நாற்காலி தூக்கியவர்களில் ஒருவன் தோள் மாற்றிக்கொண்டான்.

பிறகு அவள் எழுந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். சுடுகிற படிகளில் வெறுங்காலோடு இறங்கிப் போனாள்.